டிஎஸ்9 பெடல்: ட்ரைவை இறக்கணுமா, டோனைத் திருப்பணுமா?

கோரமங்களா_கார்டு: டிஎஸ்9 (ஐபனெஸ் ட்யூப் ஸ்க்ரீமர், எலெக்ட்ரிக் கிட்டார் சத்தத்தைக் கரகரப்பாக்கற பெடல்) சர்க்யூட்டில் கட்டின பெடல், பாகங்கள் எல்லாம் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் வாங்கினது. ஸ்ட்ராட் கிட்டார், 10 வாட் டிரான்சிஸ்டர் ஆம்ப், க்ளீன் (கரகரப்பில்லாத) சேனல். குமிழைக் கடிகார முள் மாதிரி பார்த்தா ட்ரைவ் (கரகரப்பு அளவு) 2 மணி, டோன் 12 மணி. கார்டு அடிச்சா மூக்கடைச்ச மாதிரி இருக்கு, தடிச்ச கீழ்க்கம்பிகள் எடுபடலை. எந்தக் குமிழ்ல கை வைக்கணும்?

அல்சூர்_ஆம்ப்: ட்ரைவை முழுக்க இறக்குங்க, லெவலை (வெளிவர்ற சத்தம்) 3 மணிக்கு ஏத்துங்க, டோன் கடைசியில. ட்ரைவ் ஜீரோன்னா கெயினே (சிக்னல் பெருக்கமே) இல்லைன்னு நினைக்காதீங்க. ட்ரைவ் பாட்டோட (குமிழுக்குக் கீழே இருக்கிற மாறு மின்தடை) தொடரா 51கே (51 கிலோ ஓம்) மின்தடை இருக்கு, தரைக்குப் போற பக்கம் 4.7கே. அடிமட்டத்துலயே கிட்டத்தட்ட 12 மடங்கு, முழுக்க ஏத்தினா 118. அழுத்தி அடிச்சா ஸ்ட்ராட் பிக்கப்பே (கம்பி அதிர்வை மின்சிக்னலாக்கறது) 100 மில்லிவோல்ட் தாண்டும். டயோடு 0.6 வோல்ட் பக்கத்துலயே அலையோட உச்சியை வெட்ட ஆரம்பிச்சிடும். போதாதா?

சால்டர்_சாமி: அண்ணே, கணக்கு சரி, வைத்தியம் தப்பு. அது சத்தம் கரகரன்னு உடையற விளிம்புல நிக்கிற ட்யூப் ஆம்புக்கான செட்டிங். லெவலை ஏத்தறதே முதல் ட்யூபை முட்டித் தள்ளத்தான். இவர் ஆம்புல அப்படி வெச்சா சத்தம்தான் கூடும், பக்கத்து ஃப்ளாட்காரர் கதவைத் தட்டுவார்.

கீழ்க்கம்பி அமுங்கறதுக்குக் காரணம் 4.7கே-யோட நிக்கிற 0.047 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர். 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப் போக கெயின் சரியும். ஆறாம் கம்பி 82 ஹெர்ட்ஸ்! ட்ரைவை இறக்கினா அங்கே ரெண்டு மடங்குகூட வராது. ஆம்புல பாஸை ஏத்தி மிட்டை (நடுச்சுருதி) இறக்குங்க.

அல்சூர்_ஆம்ப்: ஆம்ப் விஷயம் ஒத்துக்கறேன். ஆனா ட்ரைவ் 2 மணி அதிகம். ஃபீட்பேக்ல 51 பிகோஃபேரட் கெப்பாசிட்டர் இருக்கு. ட்ரைவ் முழுசா இருந்தா 5.6 கிலோஹெர்ட்ஸ்லயே மேல்சுருதி மழுங்கும், இறக்கினா அந்த வெட்டு 60 கிலோஹெர்ட்ஸைத் தாண்டிப் போயிடும். ட்ரைவைத் தொட்டா டோனையும் மறுபடி பார்க்கணும்.

கோரமங்களா_கார்டு: டோனை 10 மணியிலிருந்து 2 மணி வரைக்கும் திருப்பினாலும் பெரிசா ஒண்ணும் மாறலையே? பாட் மேல பி20கேன்னு போட்டிருக்கு.

சால்டர்_சாமி: அட, இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே! பி-ன்னா லீனியர். ஒரிஜினல்ல இருக்கிறது டபிள்யூ20கே, அதோட வளைவே வேற. லீனியர் போட்டா மாற்றமெல்லாம் ரெண்டு முனையில குவிஞ்சிடும், நடுவுல செத்த மாதிரி இருக்கும். அதுமட்டுமில்ல, டயோடுக்கு அப்புறம் 1கே மின்தடையும் 0.22 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டரும் சேர்ந்து 720 ஹெர்ட்ஸ் பக்கத்துலயே மேல்சுருதியை வெட்டிடுது. டோன் குமிழ் அதைத் திருப்பித் தர்ற வேலையைத்தான் செய்யுது. 12 மணி நடுநிலைன்னு ஒரு சட்டமும் இல்ல. 3 மணியைத் தாண்டி மெதுவாத் திருப்புங்க, மூக்கடைப்பு விடும். பாஸ் போதலைன்னா 0.047-ஐ எடுத்துட்டு 0.1 போடுங்க, வெட்டு 340 ஹெர்ட்ஸுக்கு இறங்கும்.

அல்சூர்_ஆம்ப்: 0.1 போட்டு நெக் பிக்கப்ல (கிட்டார் கழுத்துப் பக்கம் இருக்கிறது) கார்டு அடிச்சா சத்தம் கூழாயிடும். 720-ல வெட்டினதே அதுக்குத்தான்.

சால்டர்_சாமி: ட்ரைவ் ஏறினாத்தான் கூழ். 10 மணியிலயே நிறுத்துங்க. 0.047-ஐக் கழட்டவே வேணாம். அதுக்குப் பக்கவாட்டுல இன்னொரு 0.047-ஐ ஒரு டாகிள் சுவிட்ச் வழியா வையுங்க, மொத்தம் 0.094. நெக் பிக்கப்புக்கு ஆஃப், பிரிட்ஜ் பிக்கப்புக்கு (கம்பி முடியற பக்கம் இருக்கிறது) ஆன்.

அல்சூர்_ஆம்ப்: அது நியாயம். டோனை மட்டும் ராத்திரி மெல்லிசா வாசிக்கிறப்ப முடிவு பண்ணாதீங்க. சின்ன சத்தத்துல காதுக்கு பாஸும் ட்ரெபிளும் குறைவாத்தான் கேட்கும். வீட்ல இதமா இருக்கிற 3 மணி, ஜாம் ரூம்ல காதைக் கிழிக்கும்.