ஏற்காடு மலைப்பாதையில் விழுந்ததிலிருந்து பயம் போகவில்லை, இது அவிசுவாசமா?

அஸ்தம்பட்டி_அக்கா எழுதியது:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். வீடு சேலம், வேலை ஏற்காட்டில், ஆறு வருடமாக ஸ்கூட்டியில்தான் போய் வருகிறேன். போன ஜனவரியில் இறங்கும்போது நல்ல மூடுபனி, ரோடு ஈரம், 14-வது கொண்டை ஊசி வளைவில் வண்டி சறுக்கி விழுந்துவிட்டேன். முழங்கையில் நாலு தையல், அவ்வளவுதான், தேவ கிருபை. ஆனால் அதற்கப்புறம் ஸ்கூட்டியில் அடிவாரத்தைத் தாண்ட முடியவில்லை. செக்போஸ்ட் கண்ணில் பட்டாலே உள்ளங்கை வியர்க்கிறது, பிரேக்கை விட்டு விரல் வரமாட்டேன் என்கிறது. இப்போது பஸ்ஸில் போகிறேன், அதிலும் 20 வளைவும் முடிகிற வரை கண்ணை மூடிக்கொண்டு.

ஜெபக்கூட்டத்தில் இதைச் சொன்னேன். ஒரு மூத்த சகோதரி 1 யோவான் 4:18-ஐ வாசித்து, "பயப்படுகிறவன் அன்பில் பூரணப்பட்டவன் அல்ல, வசனமே சொல்லுது, உனக்கு விசுவாசம் பத்தலை" என்றார். முதலில் ஒரு பயம்தான் இருந்தது, அன்றிலிருந்து இரண்டு. வளைவை நினைத்து ஒன்று, ஆண்டவர் என்னைப் பற்றி என்ன நினைக்கிறாரோ என்று இன்னொன்று. ராத்திரி இரண்டாவதுதான் தூங்க விடுவதில்லை. நிஜமாகவே எனக்கு விசுவாசம் இல்லையா?

ஜெபவீரன் எழுதியது:

சகோதரி, பைபிளில் "பயப்படாதே" 365 தடவை வருகிறது, நாளுக்கு ஒன்று! மூன்று நாள் உபவாசம் இருந்து ஜெபித்துவிட்டு வண்டியை எடுங்கள், பயம் பறந்துவிடும்.

பழைய_ஸ்டியரிங் எழுதியது:

தம்பி, அந்த 365 வாட்ஸப் கணக்கு, உட்கார்ந்து எண்ணினால் வராது. அப்புறம், உபவாசம் இருந்து தலைசுற்றலோடு காட் ரோட்டில் வண்டி எடுக்கச் சொல்லாதீர்கள்.

அம்மா, நான் இந்த மலையில் பல வருடம் பஸ் ஓட்டியவன், சி.எஸ்.ஐ. சபைக்காரன். பயமே இல்லாமல் ஓட்டுகிறவனைத்தான் நாங்கள் டிப்போவில் சந்தேகப்படுவோம். ஏறுகிற வண்டிக்கு வழி விடுவது, எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்குவது, வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து ஹாரன் அடிப்பது, எல்லாம் பயம் கற்றுக் கொடுத்த பாடம்தானே. உங்கள் ஸ்கூட்டியில் கியர் இல்லை, பெரும்பாலும் பிரேக்கை நம்பித்தான் இறங்க வேண்டும், அதனால் அழுத்திப் பிடித்தபடியே வராமல் விட்டு விட்டுப் பிடியுங்கள். டயரையும் ஒருமுறை பாருங்கள். ஈர ரோட்டில் தேய்ந்த டயர் சறுக்கியதற்கு விசுவாசத்தின் மேல் பழி போடக் கூடாது.

சனி ஞாயிறு வேண்டாம், சுற்றுலா வண்டி நெருக்கும். செவ்வாய், புதன் காலையில் பனி விலகின பிறகு, வீட்டில் ஒருவர் பின்னாலேயே வர, முதல் நாள் நாலாவது வளைவு வரைக்கும் ஏறி, அகலமான இடம் பார்த்துத் திரும்பி வந்துவிடுங்கள். போதும்.

ஏட்டுச்சுரைக்காய் எழுதியது:

அந்த வசனத்தை அறுத்து வாசித்ததுதான் கோளாறு. முந்தின 17-ம் வசனம் "நியாயத்தீர்ப்புநாளிலே நமக்குத் தைரியமுண்டாயிருக்க" என்பதைப் பற்றிப் பேசுகிறது. அதாவது யோவான் சொல்லும் பயம், கடவுள் என்னைத் தண்டித்துவிடுவார் என்கிற பயம். "பயமானது வேதனையுள்ளது" என்று நம் பழைய மொழிபெயர்ப்பில் இருக்கிறதே, அந்த "வேதனை"க்குக் கிரேக்கத்தில் கொலாசிஸ், தண்டனை என்று அர்த்தம். புதிய ஏற்பாட்டில் அந்தச் சொல் வருவதே இரண்டு இடத்தில்தான், இன்னொன்று மத்தேயு 25:46, அங்கே "ஆக்கினை" என்று போட்டிருக்கிறார்கள். ஆக அந்த வசனம் உங்கள் முதல் பயத்தைத் தொடவே இல்லை, தொடுவது இரண்டாவதை. பார்த்தால் வேடிக்கை, எந்தப் பயத்தை விரட்ட எழுதினாரோ அதையே உங்களுக்குள் கிளப்பிவிட அந்த வசனத்தை எடுத்திருக்கிறார்கள்.

வளைவுக்குப் பயப்படுவது பாவம் என்றால், சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்தில் இயேசு "திகிலடையவும், மிகவும் வியாகுலப்படவும்" தொடங்கினார் என்று மாற்கு எழுதியதை எங்கே கொண்டுபோய் வைப்பது? பேதுரு தண்ணீரில் அமிழும்போதும் முதலில் இயேசுவின் கை நீண்டது, "அற்பவிசுவாசியே" என்பது அப்புறம்தான். பாவம், நம் ஆட்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

நைட்_டூட்டி எழுதியது:

அக்கா, நான் நர்ஸ். விபத்துக்குப் பிறகு இப்படி உடம்பே பயப்படுவதை வார்டில் நிறையப் பார்த்திருக்கிறேன், ஜெபிக்கிறவர்களுக்கும் வரும். எலியா தீர்க்கதரிசி சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்தபோது தூதன் பிரசங்கம் பண்ணவில்லை, அடையும் தண்ணீரும் கொடுத்தான், தூங்க விட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். தூக்கம் கெடுகிறது என்கிறீர்களே, அதை விடாதீர்கள். பெரியாஸ்பத்திரியிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது, அல்லது அரசாங்கத்தின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416-க்குப் போன் போட்டுத் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

அஸ்தம்பட்டி_அக்கா எழுதியது:

எல்லோருக்கும் நன்றிங்க. ஐயா சொன்னதும் டயரைப் பார்த்தேன், பின் டயர் வழுக்கையாக இருந்தது, மாற்றியாச்சு. 14416-க்கும் பேசினேன், திரும்ப ஒருமுறை பேசச் சொல்லியிருக்கிறார்கள். போன புதன்கிழமை தம்பி பைக்கில் பின்னால் வர, நாலாவது வளைவு வரை போனேன். ஹெல்மெட்டுக்குள்ளேயே "ஆண்டவரே பயமாயிருக்கு, கூட வாங்க" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே போனேன், எதிரில் வந்த லாரிக்காரர் யாரோடு பேசுகிறேன் என்று பார்த்திருப்பார். நடுக்கம் இருந்தது. ஆனால் ராத்திரி வரும் அந்த இன்னொன்று இந்த வாரம் வரவில்லை. திரும்புகிற இடத்தில் ஒரு குரங்கு தம்பி வண்டியில் மாட்டியிருந்த பொரி பாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

14 இன்னும் தூரம். மழை இல்லையென்றால் வருகிற புதன் ஏழு வரை.