ரோலர் (இழுவைமடிப் படகு) ஓடின அடுத்த நாள்: பாக் விரிகுடாவில் கண்டதைப் பகிருங்கள்

குருநகரான்
யாழ்ப்பாணத்து நெடுந்தீவுக் கடல். பின்னேரம் விட்ட நண்டு வலையிலே விடியக் கிடந்தது ஒரு கொடித்தடியும் கொஞ்சக் கயிறும்தான். கயிற்று நுனி தும்பு தும்பாப் போயிருந்தது. கத்தி பட்டால் அப்பிடி வராது, அது ரோலரின்ரை மடி எண்ட பை வலையை விரிச்சுப் பிடிக்கிற பலகை இழுத்தது. திங்கள், புதன், சனி இந்திய ரோலர் வரும் எண்டு எல்லாருக்கும் தெரியும். அந்த இரவுகளிலே வலை விடாட்டிப் பட்டினி, விட்டால் வலை இல்லை. இண்டைக்கும் உறுத்திறது ரெண்டு நாள் கழிச்சு ஒதுங்கின வலைத் துண்டு. முழுக்க நண்டு, பாதி அழுகினது, பாதி உயிரோடை. மடியிலே சிக்கினதை ரோலர்காரர் அறுத்தெறிஞ்சால் அந்த வலை ஆளில்லாமலே பிடிச்சுக்கொண்டு இருக்கும்.

தங்கச்சிமடம்
எங்க ராமேஸ்வரம் பக்கத்துப் படகு வரலேன்னு யாருண்ணே சொன்னா? கரையோரம் நாட்டுப்படகுக்குன்னு சட்டம். அதைத் தாண்டினா கொஞ்ச தூரத்துல இலங்கை எல்லை. பத்துப் பாகம் ஆழம்கூட இல்லாத கடல்ல இத்தனை விசைப்படகு எங்க மடி இழுக்கும்?
இங்க பார்க்க வேண்டியது இறங்குதளம். ஒரு கூடை இறால், பக்கத்துல இடுப்பளவு சங்காயம், அதாவது கழிசல் மீன். விரல் நீளம் வராத காரல், குஞ்சு நண்டு, பொடிக் கணவாய். மண்வெட்டியால அள்ளி லாரில ஏத்துறாங்க, மீன்மாவுக்கு. ஒருகாலத்துல கடல்லயே கொட்டினது, இப்ப டீசல் காசுக்கு ஆகுது. மடிக்கண்ணு, அதாவது வலையோட ஓட்டை, பெருசாகாததுக்குக் காரணம் அதான்.
அது சரி, உங்க பக்கம் ஒத்தை நைலான் இழையில பின்னுற தங்கூசி வலையும் தடைதானே? அதை ஏன் சொல்லல?

வலைப்பின்னி
நான் பார்த்த மடி ஒன்று, வெளியே கண் 40 மி.மீ., விதிப்படி. உள்ளே கையை விட்டால் கொசுவலை மாதிரி இன்னொரு வலை.
யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். கண்ணை ஈர வலையில் அளக்க வேண்டும். இழுத்துப் பிடித்து, ஒரு முடிச்சின் உள்விளிம்பிலிருந்து எதிர் முடிச்சின் உள்விளிம்பு வரை. ஒரு கண் போதாது, தொடர்ந்து இருபது அளந்து சராசரி எடுங்கள். ஓரத்துக் கண்கள் வேண்டாம், தைத்த இடத்தில் சுருங்கியிருக்கும்.
40 இருந்தாலும் சாய்சதுரக் கண் பாரம் ஏறினதும் கோடாக மூடிக்கொள்ளும். குஞ்சு எப்படித் தப்பும்? மீன் சேரும் மடிநுனியில் மட்டும் வலையை 45 டிகிரி திருப்பிச் சதுரக் கண்ணாக வையுங்கள், திறந்தே நிற்கும். முடிச்சு வலையை அப்படித் திருப்பினால் முடிச்சு நழுவிக் கண் கோணும், முடிச்சில்லா வலைதான் சரி. இணைக்கும்போது கண்ணுக்குக் கண் கோக்காதீர்கள். சாய்சதுரம் இரண்டுக்குச் சதுரம் ஒன்று. இல்லையென்றால் மடி முறுக்கிக்கொள்ளும், பழி சதுரக் கண் மேல் விழும்.

பாம்பன் பாலத்தடி
கண்ணைத் திருப்பி என்ன, இந்தக் கடலையே விட்டு வெளியேறணும்னுதானே 2017ல ஆழ்கடல் படகுத் திட்டம் வந்துச்சு. அப்ப படகு 80 லட்சம், மானியம் போக மீனவர் கைக்காசும் வங்கிக் கடனும். அந்தப் படகு ஒண்ணுல இறங்கின சூரையைப் பார்த்தேன். வயிறு வெடிச்சு, சதை வெளுத்து, வியாபாரி தொட்டுக்கூடப் பார்க்கல. ஒரு ராத்திரி இழுத்துக் காலையில கரை சேர்றவங்களுக்கு வாரக்கணக்குல தூண்டில் தொழில்! சூரையை ஏத்தினதும் ரத்தம் வடிச்சு, செவுள் குடல் எடுத்து, வயித்துக்குள்ளயும் ஐஸ் திணிக்கணும். அதைச் சொல்லிக்கொடுக்காம படகை மட்டும் கொடுத்தா?
வலைப்பின்னி ஐயா, உள்வலை போடுறவன்கிட்ட சதுரமும் சாய்சதுரமும் பேசி என்ன புண்ணியம்?

குருநகரான்
தங்கச்சிமடம் தம்பி, தங்கூசி தடைதான், விடுறாங்கள்தான். 2017இலை இலங்கை இழுவைமடியையும் தடை செய்தது. குருநகரிலையே உள்ளூர் ரோலர் இருக்கு, அதை மறைக்கேல்லை.
கேட்கிறது ஒண்டுதான். மடிக்குள்ளை எங்கடை நண்டு வலை வந்தால் அறுத்துக் கடலிலே எறியாமல் கரைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கோ. ஈயமும் மிதப்பும் நீங்களே வைச்சிருங்கோ.