விழுந்து கிடந்த கார்னர் கொடி: பிளைத் ஸ்பார்ட்டன்ஸ் பார்த்தவர்கள் சொல்வது

ஐந்து வருஷத்துக்கு முன்னால் வேலைக்காக நியூகாசில் வந்தேன். நியூகாசில் யுனைடெட்டின் மைதானமான செயின்ட் ஜேம்ஸ் பார்க்கில் டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆபீஸில் ஒருவர், "கால்பந்துதானே பார்க்கணும்? பிளைத்துக்குப் போ" என்றார். ஒரு சனிக்கிழமை ஹேமார்க்கெட்டில் பஸ் ஏறினேன்.

பிளைத் வடகடலோரத் துறைமுக ஊர். மக்கள்தொகை 40,000ஐத் தொடாது. 1960களின் தொடக்கத்தில் வருஷத்துக்கு 60 லட்சம் டன்னுக்கு மேல் நிலக்கரி இங்கிருந்து கப்பலேறியதாம். கடைசியாக மிஞ்சியிருந்த பேட்ஸ் சுரங்கத்தையும் 1986இல் மூடிவிட்டார்கள். இப்போது கண்ணில் படுவது காற்றாலைகள்தான்.

கிராஃப்ட் பார்க் மைதானம் வீடுகளுக்கு நடுவே ஒளிந்திருக்கிறது. 1909இலிருந்து பிளைத் ஸ்பார்ட்டன்ஸ் கிளப்புக்கு அதுதான் வீடு. பச்சை வெள்ளைக் கோடு போட்ட சட்டை. கோல்கீப்பர் தன் ஆட்களைத் திட்டுவது ஒரு வார்த்தை விடாமல் காதில் விழுந்தது. (பாதி புரியவில்லை. இந்தப் பக்கத்துப் பேச்சு அப்படி.)

பக்கத்தில் நின்ற பெரியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "முதல் தடவையா?" என்றார். ஆமாம் என்றேன். "சரி, அப்போ கொடிக் கதை தெரியாது" என்று ஆரம்பித்துவிட்டார். ஆட்டம் அப்புறம் எங்கே பார்த்தேன்?

இங்கிலாந்தில் மேல்மட்டத்தில் நான்கு டிவிஷன், 92 கிளப். அதற்குக் கீழே இருப்பதெல்லாம் நான்-லீக். அங்கே பெரும்பாலும் பகலில் வேறு வேலை, சாயங்காலம் பயிற்சி. 1977-78இல் பிளைத் நார்தர்ன் லீகில் ஆடியது. மேனேஜர் பிரையன் ஸ்லேன் பள்ளி ஆசிரியர். முன்னணியில் ஆடிய ஆலன் ஷோல்டர் சுரங்கத் தொழிலாளி. பயிற்சியாளர் ஜாக்கி மார்க்ஸ் ஆட்டத்துக்கு முன் எல்லோருக்கும் 'ஸ்பீட் ஆயில்' என்று ஒன்றைக் குடிக்கக் கொடுப்பாராம். அதில் என்ன இருந்தது என்று பெரியவரைக் கேட்டேன். கண்ணடித்ததோடு சரி.

எஃப்.ஏ. கோப்பை என்பது பெரிய கிளப், சின்ன கிளப் எல்லாம் சேர்ந்து ஆடும் போட்டி, தோற்றால் வெளியே. அந்த வருஷம் அதில் பர்ஸ்கோ, செஸ்டர்ஃபீல்டு, என்ஃபீல்டு மூன்றையும் 1-0, 1-0, 1-0 என்று தள்ளினார்கள். நான்காம் சுற்றில் ஸ்டோக் சிட்டி, அதுவும் ஸ்டோக்கின் மைதானத்தில். டெர்ரி ஜான்சன் முதல் கோல் போட, ஸ்டோக் இரண்டு திருப்பிப் போட்டது. ஸ்டீவ் கார்னி சமன் செய்தார், கடைசி நிமிஷங்களில் மறுபடி ஜான்சன். 3-2.

ஐந்தாம் சுற்றில் நியூகாசிலோடு மோதல் என்று ஊரே காத்திருந்தது. ஆனால் வேல்ஸின் ரெக்ஸம் கிளப் நியூகாசிலை வெளியேற்றிவிட்டது. ரெக்ஸமில், உறைந்து கிடந்த தரையில், ஜான்சன் மறுபடி கோல் போட்டார். 1-0. கடைசி நிமிஷம் வரை அப்படியே இருந்தது. அப்போது ரெக்ஸமுக்கு ஒரு கார்னர். அதைக் கொடுத்ததே தவறு என்பார் பெரியவர். பந்து உள்ளே வந்தது, பிளைத் கோல்கீப்பர் பிடித்துவிட்டார். அவ்வளவுதான், முடிந்தது. ஆனால் கார்னர் கொடி கீழே விழுந்து கிடந்ததைப் பார்த்த நடுவர், மறுபடி எடுக்கச் சொன்னார். அப்படித் திரும்ப எடுத்ததில் டிக்ஸி மெக்நீல் கோல் போட்டு 1-1.

கோபமாகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். வீட்டில் யாரோ சின்ன வயதில் செய்த குறும்பைச் சொல்வது மாதிரி சொன்னார்.

* * *

அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்தேன். நானும் அந்தப் பக்கம் நர்ஸாக இருந்தேன். எனக்குக் கொடிக் கதையை யாரும் சொன்னதில்லை. நான் கேட்டது பெல்லா ரே கதை.

வார்டில் ஒரு பாட்டி. டிவியில் பெண்கள் கால்பந்து ஓடிக்கொண்டிருந்தது. "இதையெல்லாம் என் அம்மா காலத்திலேயே பார்த்தாச்சு" என்றார். வயதானவர் ஏதோ சொல்கிறார் என்று நினைத்தேன், வெட்கமாக இருக்கிறது. வீட்டுக்குப் போய்த் தேடினால் அத்தனையும் உண்மை. முதல் உலகப்போரின்போது பிளைத் துறைமுகத்தில் வெடிமருந்துச் சரக்குகளைக் கையாண்ட பெண்கள், கப்பற்படை ஆட்களிடம் கடற்கரையில் ஆடக் கற்றுக்கொண்டு 1917இல் ஒரு அணி தொடங்கினார்கள். பெயர் பிளைத் ஸ்பார்ட்டன்ஸ்தான். பெல்லா ரே நிலக்கரித் தொழிலாளியின் மகள். ஒரே பருவத்தில் 133 கோல் அவர் கணக்கில் இருக்கிறது. 1918 மே மாதம் மிடில்ஸ்பரோவில் கோப்பை இறுதியாட்டம், பார்த்தவர்கள் 22,000 பேர். பிளைத் 5-0, அதில் மூன்று பெல்லா போட்டது. போர் முடிந்ததும் வேலையும் போனது, அணியும் கலைந்தது. 1921இல் கால்பந்துச் சங்கம் தன் கிளப் மைதானங்களில் பெண்கள் ஆடவே கூடாது என்று தடை போட்டது. அரை நூற்றாண்டு அந்தத் தடை இருந்தது.

கொடி விழுந்ததை இவ்வளவு நீளமாகச் சொல்கிறார்கள். இதை ஏன் அவ்வளவு சொல்வதில்லை?

* * *

நீங்கள் இரண்டு பேரும் எழுதியதைப் படித்துவிட்டு நானும் ஒன்று சொல்கிறேன். நான் மாணவனாக இருந்தபோது பிளைத்தைப் பார்த்தது ஒரே ஒரு தடவை, 2015 ஜனவரி 3, எஃப்.ஏ. கோப்பை ஆட்டம். அதற்கு முந்தைய சுற்றில் ஹார்டில்பூலை அதன் மைதானத்திலேயே கடைசி நிமிஷ கோலில் வென்றிருந்தார்கள். மூன்றாம் சுற்றில் பர்மிங்ஹாம் சிட்டி கிராஃப்ட் பார்க்குக்கே வந்தது. ராபி டேல் இரண்டு கோல், இடைவேளையில் 2-0. முன்பின் தெரியாத ஆள் என்னைக் கட்டிப்பிடித்தார். இடைவேளைக்கப்புறம் ஆறு நிமிஷ இடைவெளியில் பர்மிங்ஹாம் மூன்று போட்டது. 3-2. கட்டிப்பிடித்தவர் அப்புறம் என் பக்கமே திரும்பவில்லை.

* * *

கொடிக் கதை எழுதியவன்தான் மறுபடி. நர்ஸ் தங்கச்சி கேட்டதற்குப் பதில் என்னிடம் இல்லை. அடுத்த தடவை போனபோது பெரியவரிடம் பெல்லா ரேயைப் பற்றிக் கேட்டேன். தெரியும் என்று தலையாட்டினார், ஆனால் பேச்சு நாலு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. நேரில் பார்த்தவர்கள் போய்ச் சேர்ந்தால் கதை சுருங்கிவிடுகிறது போலிருக்கிறது.

2024இல் கிளப் நேஷனல் லீக் நார்த்திலிருந்து இறங்கியதே, அதற்கப்புறம் நடந்த சந்திப்பு அது. கூட்டம் குறைவு, மழை விட்டும் தூவானம் விடவில்லை. கொடிக் கதையின் மிச்சத்தை அன்றுதான் கேட்டேன். ரெக்ஸமோடு 1-1 என்று சமனில் முடிந்ததால், மறு ஆட்டத்தை நியூகாசிலின் செயின்ட் ஜேம்ஸ் பார்க்கில் வைத்தார்கள். ஜெயித்தால் கால் இறுதியில் ஆர்சனல். உள்ளே 42,167 பேர், கதவை அடைத்ததால் வெளியே நின்றவர்கள் ஆயிரக்கணக்கில். ரெக்ஸம் 2-1 என்று வென்றது. பிளைத்தின் ஒரே கோல் ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் வந்தது, போட்டது அதுவும் ஜான்சன்தான்.

"இந்த ஊரில் என் வயதுக்காரன் எவனைக் கேட்டாலும் உள்ளே இருந்தேன் என்பான்" என்று சிரித்தார்.

"நீங்கள்?"

"வெளியே. சுவரோரமாக." கொஞ்சம் நிறுத்தினார். முதலில் இரண்டு தடவை சின்னதாக ஏதோ சத்தம் வந்ததாம், என்னவென்று யாருக்கும் பிடிபடவில்லை. ரொம்ப நேரம் கழித்து ஒரு பெரும் சத்தம். நாம்தான் முந்திவிட்டோம் என்று வெளியே நின்ற அத்தனை பேரும் குதித்தார்களாம். கதவு திறந்து ஜனம் வெளியே வந்தபோது, அவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் விஷயம் தெரிந்ததாம்.