ராத்திரி சிஸ்டம் உறைந்துபோகிறது, ரீபூட் செய்தால் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) லாகில் ஒன்றுமே இல்லை. எப்படிப் பிடிப்பது?

குளச்சல்_கரை

குளச்சலில் சொந்தக்காரர் ஒருவரின் ஐஸ் கம்பெனியில் பழைய மினி பிசி ஒன்று ஓடுகிறது, உபுண்டு என்ற லினக்ஸ் சர்வர். உப்புநீர்த் தொட்டியின் வெப்பநிலையை சீரியல் போர்ட் வழியாக வாங்கிப் பதிவு செய்வதுதான் அதற்கு வேலை. உள்ளே இருந்த டிஸ்க் போய்விட்டதால் இப்போது யூஎஸ்பியில் மாட்டிய எஸ்எஸ்டியில் இருந்துதான் பூட் ஆகிறது. சில நாள் ராத்திரி அப்படியே நின்றுவிடும். நெட்வொர்க்கில் பிங் அடித்தால் பதில் வருகிறது, ஆனால் எஸ்எஸ்எச் (தூரத்திலிருந்து லாகின் செய்யும் வழி) உள்ளே விடாது, மானிட்டர் மாட்டி லாகின் பெயரை அடித்து என்டர் தட்டினால் அதோடு சரி. பவரை அணைத்துப் போட்டபிறகு கர்னல் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜியைப் பார்த்தால் புதிய பூட்டின் கதை மட்டும்தான் இருக்கிறது. சேமித்த லாகைக் காட்டும் ஜர்னல்சிடிஎல்லில் முந்தைய பூட்டைக் கேட்டாலும் கடைசி வரி சாதாரண கிரான் (குறித்த நேரத்தில் ஓடும் வேலை) வரிதான். ஒரு விஷயம் சொல்ல வேண்டும்: ஜூன், ஜூலை மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் இல்லாமல் கம்பெனி பாதி நின்று கிடந்தபோது இந்தத் தொல்லை வரவே இல்லை. எங்கே தொடங்குவது?

வடசேரி_லினக்ஸ்

தம்பி, பிங்குக்குப் பதில் வருகிறது என்று எழுதியிருப்பதுதான் இதில் பெரிய தடயம். பிங்குக்குப் பதில் சொல்வது கர்னலே, அதற்கு டிஸ்க்கைத் தொட வேண்டிய அவசியம் இல்லை. எஸ்எஸ்எச்சுக்கும் லாகினுக்கும் டிஸ்க்கில் இருந்து ஏதாவது படித்தாக வேண்டும். ஆகவே கர்னல் உயிரோடுதான் இருக்கிறது, சிஸ்டம் இருக்கும் ரூட் டிஸ்க்தான் கைவிட்டுப் போகிறது என்று நினைக்கிறேன்.

லாக் கிடைக்காததற்கும் அதே காரணம்தான். டிமெஸ்ஜி காட்டுவது ராமில் இருக்கும் ஒரு வளையப் பஃபரை (நிரம்பினால் பழையதன் மேல் புதியதை எழுதும் இடம்), பவர் போனால் அதுவும் போச்சு. அதை டிஸ்க்கில் எழுதிவைப்பது ஜர்னல்டி என்ற சர்வீஸ். அதுவும் வழக்கமாக 5 நிமிடத்துக்கு ஒரு தடவைதான் சிங்க் செய்யும், கிரிட்டிக்கலும் அதற்கு மேலும் உள்ள செய்தி வந்தால் மட்டும் உடனே. எந்த டிஸ்க் போனது என்று எழுத வேண்டுமோ அந்த டிஸ்க்கிலேயே எழுதச் சொன்னால் எப்படி எழுதும்? செய்தியை மிஷினை விட்டு வெளியே அனுப்புங்கள்.

அதற்கு நெட்கன்சோல் என்ற மாட்யூல் இருக்கிறது. கர்னல் செய்திகளை யூடிபி என்ற நெட்வொர்க் முறையில் நேராக அடுத்த மிஷினுக்குத் தள்ளிவிடும், நடுவில் டிஸ்க் கிடையாது. லோடு செய்யும்போது உங்கள் பக்கம் போர்ட் 6665, எந்த நெட்வொர்க் கார்டு, வாங்கும் மிஷினின் ஐபி, அதன் போர்ட் 6666, அதன் மேக் அட்ரஸ் (நெட்வொர்க் கார்டின் முகவரி), இவ்வளவும் கொடுக்க வேண்டும். அந்தப் பக்கம் வருவதை வாங்கிக்கொள்ள நெட்கேட் என்ற கருவியை யூடிபி மோடில் திறந்து ஒரு ஃபைலுக்குத் திருப்பிவிட்டால் போதும். கேபிள் வழியாகச் செய்யுங்கள், வைஃபையில் பெரும்பாலும் நடக்காது. அப்புறம் ஒன்று, பலரும் இதில்தான் மாட்டிக்கொள்வார்கள்: உபுண்டுவில் கன்சோல் லெவல் 4 ஆக இருக்கும். அதாவது எரரும் அதற்கு மேலும் உள்ளது மட்டும்தான் வெளியே போகும், யூஎஸ்பி டிஸ்கனெக்ட் போன்ற வரிகள் இன்ஃபோ லெவல் என்பதால் வராது. டிமெஸ்ஜிக்கு ஹைஃபன் என் 8 கொடுத்து எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள்.

ஆரல்வாய்_காற்று

அண்ணன் சொன்னதோடு நானும் ஒன்று சேர்க்கிறேன். கர்னலுக்குள் நடப்பதைப் பதிவு செய்யும் எஃப்ட்ரேஸைப் போட்டுவையுங்கள். 2008ல் 2.6.27 கர்னலில் இருந்தே உள்ளேயே இருக்கிறது, புதிதாக எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். சிஸ், கர்னல், டிரேசிங் என்று போனால் ஈவண்ட்ஸ் ஃபோல்டர் இருக்கும். அதில் பிளாக் பிரிவில் ரிக்வெஸ்ட் இஷ்யூ, ரிக்வெஸ்ட் கம்ப்ளீட் இரண்டையும் மட்டும் ஆன் செய்யுங்கள். டிஸ்க்குக்குப் போன ஒவ்வொரு கோரிக்கையும் திரும்பி வந்ததா என்று மைக்ரோசெகண்ட் கணக்கில் தெரியும். எல்லா ஈவண்ட்டையும் திறந்துவிடாதீர்கள், பஃபர் சீக்கிரம் சுற்றி வந்து வேண்டியதை அழித்துவிடும்.

உறைந்தபிறகு அதைப் படிப்பது எப்படி என்றால், சிஸ்ஆர்கியூ, அதாவது கர்னலுக்கு நேராகக் கட்டளை கொடுக்கும் கீ. ஆல்ட், சிஸ்ஆர்கியூவோடு இசட் தட்டினால் எஃப்ட்ரேஸ் பஃபர் முழுவதும் கன்சோலில் கொட்டும், நெட்கன்சோல் இருப்பதால் அடுத்த மிஷினுக்கும் போய்ச் சேரும். டபிள்யூ தட்டினால் எந்தெந்த பிராசஸ் டிஸ்க்குக்காகக் காத்துக் கிடக்கிறது என்று வரும். எந்தக் கட்டளைகளை அனுமதிப்பது என்று சொல்லும் சிஸ்ஆர்கியூ மதிப்பு உபுண்டுவில் 176, இந்த இரண்டுக்கும் அது போதாது, முன்னாடியே 1 ஆக்கிவையுங்கள்.

120 செகண்டுக்கு மேல் பிளாக் ஆகி நிற்கிறது என்ற வரி வந்தால் டிஸ்க் இருக்கிறது, ஆனால் பதில் சொல்லவில்லை. ஐஓ எரர் (படிக்க, எழுத முடியவில்லை) என்று வரிசையாக வந்தால் டிஸ்க்கே காணாமல் போய்விட்டது. இரண்டும் வேறு வேறு நோய், ஒன்றுக்கு உள்ள மருந்து மற்றதற்குப் பலிக்காது.

குளச்சல்_கரை

மாட்டியது! நேற்று ராத்திரி நின்றதும் அடுத்த மிஷினில் ஃபைலைத் திறந்தேன். முதலில் என் கண் போனது கடைசிப் பக்கத்துக்கு, அங்கே ஈஎக்ஸ்டி4 (டிஸ்க்கின் ஃபைல் சிஸ்டம்) எரர், ரூட்டை ரீட்-ஒன்லி ஆக்கியது, ஐஓ எரர் என்று வண்டி வண்டியாக இருந்தது. மேலே போய்த் தேடினால் ஆரம்பம் இதுதான்:

[48211.307] யூஎஸ்பி போர்ட் 1: டிசேபிள்ட் பை ஹப் (ஈஎம்ஐ?), ரீ-எனேபிளிங்
[48211.309] யூஎஸ்பி டிஸ்கனெக்ட்
[48211.688] புதிய யூஎஸ்பி சாதனம்

அப்புறம் அதே எஸ்எஸ்டி எஸ்டிஏ என்பதற்குப் பதிலாக எஸ்டிபி என்ற பெயரில் வந்து உட்கார்ந்திருக்கிறது. ரூட் இன்னமும் பழைய எஸ்டிஏவையே பிடித்துத் தொங்குகிறது. வாங்கும் மிஷினின் நேரத்தை வைத்துப் பார்த்தால் இரண்டாவது கம்ப்ரசரை ஸ்டார்ட் செய்த அதே நிமிடம். வாட்ச்மேன் அண்ணனின் நோட்டிலும் அந்த நேரம்தான் இருக்கிறது.

வடசேரி_லினக்ஸ்

ரொம்ப சந்தோஷம் தம்பி. முதல் வரியைத் தேடிப் போனது சரியான வேலை, கீழே இருக்கும் ஈஎக்ஸ்டி4 எரர்களை நம்பியிருந்தால் நல்ல எஸ்எஸ்டியைத் தூக்கிப்போட்டுப் புதிது வாங்கியிருப்பீர்கள். அந்த ஈஎம்ஐ என்பது மின்காந்த இடையூறு, கேள்விக்குறியோடு அப்படியே கர்னல் கோடில் எழுதிவைத்திருக்கிறார்கள். நாம் கேட்காமலே போர்ட் அணைந்துவிட்டது, வெளியில் இருந்து இடையூறு வந்திருக்கலாம் என்று அதுவே சந்தேகப்படுகிறது. கம்ப்ரசர் நேரமும் பொருந்துகிறது, தடைக்காலத்தில் வராததும் பொருந்துகிறது.

எஸ்எஸ்டியைக் கழற்றி உள்ளே சாட்டா என்ற டிஸ்க் இணைப்பில் மாட்டுங்கள், அதுதான் நிரந்தர வழி. அதுவரை நீளமான யூஎஸ்பி கேபிளை எடுத்துவிட்டு ஷீல்டு உள்ள குட்டையான கேபிள் போடுங்கள், கம்ப்ரசர் பேனலுக்குப் போகும் லைனில் இருந்து மிஷினுக்குப் பவர் எடுக்காதீர்கள். கடற்காற்று உள்ள இடம், கனெக்டரில் பச்சை பிடித்திருக்கிறதா என்றும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

குளச்சல்_கரை

பார்த்தேன் அண்ணே, போர்ட்டின் உலோக ஓரத்தில் லேசாகப் பச்சை இருக்கிறது. சாட்டா கேபிள் நாகர்கோவிலில் சொல்லியிருக்கிறேன். மாற்றியபிறகும் நெட்கன்சோலை ஓடவிடலாமா?

ஆரல்வாய்_காற்று

தாராளமாக. உள் நெட்வொர்க்குக்குள் மட்டும் வையுங்கள், அது மறைகுறியாக்கம் இல்லாமல் திறந்தபடியேதான் போகும். பிளாக் ஈவண்ட்களை அணைத்துவிடலாம், சிஸ்ஆர்கியூவைப் பழையபடி 176க்கு மாற்றிவிடுங்கள்.