கொயர்ல கூட பாடுற பிரதரோட மனஸ்தாபம், யாரு முதல்ல பேசணும்?

கடுகுவிதை:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். சபை கொயர்ல எட்டு வருஷமா என்கூட பாடுற பிரதரோட ரெண்டு மாசமா பேச்சே இல்ல. பிராக்டீஸ் டைம் மாத்துறத பத்தி வாட்ஸப் குரூப்ல பேச்சு வந்துச்சு, நான் "உங்களுக்கு மட்டும்தான் வேலை இருக்கா"ன்னு போட்டுட்டேன், அவர் "சிலருக்கு ஊழியம்னாலே பேர் வாங்குறதுதான்"னு எல்லாரும் பாக்க பதில் போட்டாரு. இப்ப ஒரே பாட்டு புக்கை ஆளுக்கொரு ஓரம் பிடிச்சுட்டு நிக்கிறோம், பக்கத்த அவர் திருப்புவாரு, நான் நிமிர்ந்து பாக்கறதில்ல. போன வாரம் திருவிருந்துக்கு கை நீட்டும்போது உள்ள குத்துச்சு. ஆனாலும் அவர் சொன்னதுதான் பெரிய தப்புன்னு தோணுது. நான் ஏன் முதல்ல போகணும்? பாஸ்டர்கிட்ட சொல்லிடவா?

ஒலிவமரம்:
பிரதர், மத்தேயு 5:23, 24ஐயும் 18:15ஐயும் பக்கத்துல வச்சு படிங்க. அஞ்சாம் அதிகாரத்துல உங்க மேல அவருக்கு குறை இருக்கு, காணிக்கைய பலிபீடத்து முன்னாடியே வச்சுட்டு போய் ஒப்புரவாகுன்னு இயேசு சொல்றாரு. பதினெட்டுல தப்பு பண்ணது அவரு, அப்பவும் போக வேண்டியது நீங்கதான். யார் தப்பு பெருசுன்னு கணக்கு பாக்க ரெண்டு இடத்துலயும் வழி இல்ல. அதுவும் தனியா போகணும், அப்புறம்தான் ஒண்ணு ரெண்டு பேரு, சபை அதுக்கும் அப்புறம். நீங்க கடைசி படிய முதல்ல மிதிக்கப் பாக்குறீங்க. அங்க "உன் சகோதரனை ஆதாயப்படுத்திக்கொண்டாய்"னுதான் இருக்கு, வாதத்துல ஜெயிச்சாய்னு இல்ல.

விளக்குத்தண்டு:
அக்கா சொன்னது சரி. ஒண்ணு மட்டும் சேத்துக்கிறேன், "ஜெப விண்ணப்பம்"னு சொல்லி இத நாலு பேர்கிட்ட கொண்டு போயிடாதீங்க, நான் அப்படி பண்ணி ஒரு நல்ல சிநேகிதிய இழந்திருக்கேன், இன்னைக்கும் வலிக்குது. இன்னொண்ணு, ஆதி சபையில சேர்ந்து ஊழியம் செஞ்ச பவுலும் பர்னபாவும் மாற்குவ கூட்டிட்டு போறதுல கடுமையா முட்டிக்கிட்டு பிரிஞ்சே போனாங்க (அப்போஸ்தலர் 15), பவுல் சீலாவோட சீரியா பக்கம், பர்னபா மாற்குவோட சீப்புரு (சைப்ரஸ்) தீவுக்கு. ஆனா பின்னாடி அதே பவுல் மாற்குவ கூட்டிட்டு வா, ஊழியத்துல எனக்கு பிரயோஜனமானவன்னு எழுதுறாரு (2 தீமோத்தேயு 4:11). ஒரே நாள்ல சரியாகலைன்னா சோர்ந்து போயிடாதீங்க.

உப்புக்கல்:
பொதுவா படிக்கிறவங்களுக்காக சொல்றேன், இது மனஸ்தாபத்துக்குத்தான். அடி உதை, பிள்ளைங்கள தப்பா தொடுறது, பண மோசடி இதுக்கெல்லாம் "தனியா போய் பேசு, மன்னிச்சிடு"ன்னு மூடி மறைக்கிறது தாழ்மை இல்ல, அன்பும் இல்ல. அங்க பாதிக்கப்பட்டவங்க பக்கம் நின்னு போலீசுக்கு போகணும். தம்பி விஷயம் அப்படி இல்ல, போய் பேசுங்க. "நீங்களும் தப்பு பண்ணீங்க, ஆனா நானும்..."னு மட்டும் ஆரம்பிக்காதீங்க.

கடுகுவிதை:
போனேன். பிராக்டீஸ் முடிஞ்சு எல்லாரும் கிளம்பினப்புறம் அவர் மைக் ஒயர சுத்திட்டு இருந்தாரு, இன்னொரு முனைய நான் எடுத்து சுத்தினேன். "நான் போட்ட அந்த வரி தப்பு, மன்னிச்சிடுங்க, குரூப்லயும் சொல்றேன்"னேன். அவர் போட்டத பத்தி நான் வாயே தொறக்கல, கஷ்டமாத்தான் இருந்துச்சு. ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு "எனக்கு கொஞ்சம் டைம் வேணும் பிரதர்"னாரு. சரின்னேன். ராத்திரி குரூப்ல மன்னிப்பு கேட்டு போட்டேன். பிராக்டீஸ் டைம் இன்னும் முடிவாகல, அவருக்கு எந்த நேரம் ஒத்துவரும்னு இந்த தடவ அவர்கிட்டயே கேக்கப் போறேன்.