ஸ்க்விட் ப்ராக்ஸி தானாக விழுந்து தானாக எழுவதைப் பார்த்தவர்கள் பகிரலாம்

நெல்லைநெட்:

ஸ்க்விட் (பலருடைய இணையக் கோரிக்கைகளை நடுவில் நின்று வாங்கி வெளியே அனுப்பி, பதில்களைச் சேமித்தும் வைக்கும் ப்ராக்ஸி மென்பொருள்) நடத்துபவர்களுக்காக இதைத் தொடங்குகிறேன். ப்ராக்ஸி காரணம் சொல்லாமல் விழுந்து, யாரும் தொடாமலே எழுந்துகொண்ட அனுபவம் இருந்தால் எழுதுங்கள். என்னுடையது முதலில்.

நான் வேலை பார்ப்பது ஒரு பொறியியல் கல்லூரியில். விடுதி, லேப், அலுவலகம் எல்லாமே ஒரே ஸ்க்விட் 4 வழியாகத்தான் வெளியே போகும், போர்ட் வழக்கமான 3128. வந்த புகார் ஒன்றுதான்: "சார், டவுன்லோடு பாதியில நிக்குது." நெட்டே இல்லை என்று ஒருவரும் சொல்லவில்லை, அதனால்தான் இழுத்தது. இணைப்பு கொடுத்தவர்களைக் கூப்பிட்டோம், ஸ்விட்சை மாற்றினோம். கண்காணிப்புத் திரையில் எல்லாம் பச்சையாகவே இருந்தது. அது அவ்வப்போது வந்து போர்ட் திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போகும். ஸ்க்விட் செத்துப் பிழைக்க அந்த இடைவெளி தாராளமாகப் போதும்.

ஸ்க்விட்டில் ஒரு மாஸ்டர் ப்ராசஸ் உண்டு, வேலை செய்யும் ப்ராசஸ் செத்தால் அது உடனே இன்னொன்றைக் கிளப்பிவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒவ்வொரு முறையும் அந்த நேரத்தில் இருந்த அத்தனை இணைப்புகளும் அறுந்துபோகும், டிஸ்க் கேஷின் (சேமித்து வைத்த பதில்களின்) பட்டியலை மறுபடி கட்ட வேண்டியிருக்கும், அது முடியும்வரை எல்லாம் மந்தம். பயனாளருக்கு இது "நெட் ஸ்லோ". அடுத்தடுத்து சில முறை செத்தால் மட்டும் மாஸ்டரும் கைவிட்டுவிடும். எங்களுக்கு ஒருநாள் அது நடந்தது, அன்றைக்குத்தான் கேஷ் லாகை (ஸ்க்விட் தன் பிழைகளை எழுதும் கோப்பு) ஒழுங்காகத் திறந்து படித்தோம். பக்கம் பக்கமாக 'அசெர்ஷன் ஃபெயில்டு', அதாவது நடக்கக் கூடாதது நடந்துவிட்டது என்று ஸ்க்விட் தானே நின்றுகொண்டது.

சரி, எந்தக் கோரிக்கை வந்து கொல்கிறது என்று ஆக்ஸஸ் லாகில் (கோரிக்கைகளின் பதிவேடு) தேடினால் ஒன்றும் இல்லை. யோசித்தால் அது நியாயம்தான். ஸ்க்விட் ஒரு கோரிக்கை முடிந்த பிறகே அதை லாகில் எழுதும், கொன்ற கோரிக்கை முடிவதே இல்லை. கடைசியில் டிசிபிடம்ப் (நெட்வொர்க்கில் போவதை அப்படியே பிடித்துக் காட்டும் கருவி) போட்டுப் பிடித்தோம். லேபில் ஒரு மெஷினிலிருந்து ரேஞ்ச் ஹெட்டர் (ஃபைலின் எந்தப் பகுதி வேண்டும் என்று கோரிக்கையில் சொல்லும் வரி) ஒன்று கோணல்மாணலாக வந்துகொண்டிருந்தது. பெரிய ஃபைலைத் துண்டு துண்டாக இறக்க ஒரு மாணவன் சொந்தமாக எழுதிய ஸ்கிரிப்ட். அவனுக்கு ஹேக்கர் பட்டம் கட்டிவிடச் சிலர் தயாராக இருந்தார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, அவன் அனுப்பியது தப்பான எண்கள், அவ்வளவுதான். வாங்கியவன் சரிபார்த்திருக்க வேண்டும்.

2021-இல் ஸ்க்விட்டே இதை அறிவித்திருந்தது. ரேஞ்ச் ஹெட்டரைக் கையாள்வதில் பல பிழைகள், ஓட்டைகளுக்குத் தரும் பொது எண்ணில் சொன்னால் சிவிஇ-2021-31806 முதல் 31808 வரை, 4.15-இல் திருத்தம். அப்டேட் போட்ட பிறகு லாக் அமைதியாகிவிட்டது. அந்த மாதிரி அறிவிப்புகளில் 'நம்பகமான கிளையண்ட்' என்று ஒரு பதம் வரும், அதாவது ப்ராக்ஸியைப் பயன்படுத்த அனுமதி உள்ளவரால்தான் முடியும் என்று. அதைப் பார்த்து ஆபத்து குறைவு என்று நினைத்துவிடக் கூடாது. விடுதி முழுக்க நம்பகமான கிளையண்ட்தான்!

மூன்றாம்ஷிப்ட்:

ஆக்ஸஸ் லாகில் இருக்காது என்று நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. எங்களுக்கும் அங்கேதான் முட்டியது.

எங்களுடையது அலுவலக நெட்வொர்க். முன்னால் கோரிக்கைகளைப் பங்கிடும் ஒரு லோடு பேலன்சர், பின்னால் இரண்டு ஸ்க்விட். உண்மையான கிளையண்ட் ஐபி லாகில் வரவேண்டும் என்று 'ஃபாலோ எக்ஸ் ஃபார்வர்டட் ஃபார்' என்ற அமைப்பைப் போட்டிருந்தார்கள். பாதுகாப்புத் தணிக்கைக்கு வந்தவர்கள் ஸ்கேனரை ஓட்டினார்கள், ஒன்று விழுந்தது. பேலன்சர் எல்லாரையும் மற்றொன்றுக்குத் தள்ளியது, ஸ்கேனரும் கூடவே போனது, அதுவும் விழுந்தது. இரண்டு பெட்டி வைத்தால் இதற்குப் பாதுகாப்பு என்று எங்கள் மேலாளர் அதுவரை நம்பிக்கொண்டிருந்தார்.

எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் ஹெட்டரில் கமா போட்டு ஐபி முகவரிகள் வரிசையாக இருக்கும். ஸ்க்விட் அதை வலது கோடியிலிருந்து ஒவ்வொன்றாக 'இவரை நம்பலாமா' என்று பார்த்துக்கொண்டே இடப்பக்கம் நகரும். ஒவ்வொரு சோதனையும் முந்தையதற்கு உள்ளேயே அழைக்கப்பட்டது, அதாவது ரிகர்ஷன், அதற்கு ஒரு வரம்பும் இல்லை. ஹெட்டரை நீளமாக அடைத்து அனுப்பினால் ஸ்டாக் (உள்ளழைப்புகளுக்கான நினைவகம்) தீர்ந்து ப்ராசஸ் செத்துவிடும். சிவிஇ-2023-50269, 2023 டிசம்பரில் வெளியே வந்தது, 6.6-இல் சரிசெய்தார்கள். பிழை 2.6 காலத்திலிருந்தே உள்ளே உட்கார்ந்திருந்தது என்பதுதான் எனக்கு வியப்பு. எங்களுக்கு அந்த அமைப்பு லாக் அழகுக்குத்தான், வரியையே தூக்கிவிட்டோம், அன்றைக்கே நின்றது.

இன்னொன்று. சேவை மறுப்பு (சர்வரைப் பயன்படுத்த முடியாமல் செய்யும் தாக்குதல்) என்றாலே வெள்ளமாக ட்ராஃபிக் வரும் என்று நினைக்கிறோம். 2023 அக்டோபரில் எச்டிடிபி/2 ரேப்பிட் ரீசெட் (கோரிக்கையை அனுப்பி உடனே ரத்து செய்துகொண்டே இருக்கும் தாக்குதல்) வெளியானபோது கூகுள் சொன்ன எண் விநாடிக்கு 39.8 கோடி கோரிக்கைகள். எல்லாரும் அதையே பேசினார்கள். எங்களை வீழ்த்தியதற்கு ஒரே ஒரு கோரிக்கை போதும், எந்த ட்ராஃபிக் வரைபடத்திலும் ஒரு மேடுகூடத் தெரியாது.

புதுசாவந்தவன்:

அண்ணா, எங்கள் சர்வர் டெபியன் 12 லினக்ஸ். ஸ்க்விட் 5.7 என்று காட்டுகிறது. அப்படியென்றால் 6.6 இல்லை, ஓட்டை அப்படியே இருக்கிறது என்று அர்த்தமா? சோர்ஸிலிருந்து கம்பைல் செய்ய வேண்டுமா? ஆளில்லாத இடம், பயமாக இருக்கிறது.

பழையசர்வர்:

தம்பி, கம்பைல் செய்யக் கிளம்பிவிடாதே. டெபியன்காரர்கள் எண்ணை மாற்றாமல் திருத்தத்தை மட்டும் பழைய பதிப்புக்குள் தைத்துக் கொடுப்பார்கள். 5.7-க்குப் பின்னால் ஒரு வால் இருக்கும், அதில் 'டெப்12யு' என்று தொடங்கும் பகுதியைப் பார். ஏபிடி சேஞ்ச்லாக் என்ற கட்டளையைப் போட்டால் எந்தெந்த சிவிஇ சேர்ந்திருக்கிறது என்று வரிசையாக வரும். ரெட்ஹாட் லினக்ஸ் பக்கமும் இதே கதைதான். ஸ்கேனர்கள் பல எண்ணை மட்டும் பார்த்து அபாயம் என்று அலறும், அதைத் தணிக்கைக்காரரிடம் விளக்குவது தனித் தலைவலி.

இதெல்லாம் ஏன் 2023 கடைசியில் கொத்தாக வந்தது தெரியுமா? ஜோஷுவா ராஜர்ஸ் என்ற ஆய்வாளர் 2021-இல் ஸ்க்விட் கோடு முழுவதையும் அலசி 55 ஓட்டைகளைக் கண்டுபிடித்தார். ஸ்க்விட் குழுவுக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். 2023 அக்டோபரில் வெளியிட்டபோது 35 அப்படியே இருந்தன. குழுவைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. 1996 முதல் ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருள், பயன்படுத்துபவர்கள் ஏராளம், கோடு எழுதுபவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். ராஜர்ஸே ஆள்பற்றாக்குறையைத்தான் காரணமாகச் சொன்னார்.

என் பெட்டியில் நான் செய்வது, பயன்படுத்தாத கதவுகளை மூடுவது. யுஆர்என் என்று ஒருவகை முகவரி ஸ்க்விட்டில் உண்டு. நான் பார்த்தவரை ஒரு பயனாளரும் அதைக் கேட்டதில்லை. அதில் 2021-இல் ஒரு மெமரி கசிவு, 2025-இல் ஒரு ஹீப் ஓவர்ஃப்ளோ (ஒதுக்கிய நினைவகத்தைத் தாண்டி எழுதுவது). யுஆர்என் ப்ரோட்டோகாலுக்கு ஒரு ஏசிஎல் (அனுமதி விதி) எழுதி எச்டிடிபி ஆக்ஸஸில் டினை (மறுப்பு) கொடுத்துவிடு. உன் அலவ் வரிகளுக்கு மேலே வை, கீழே வைத்தால் அதுவரை போகவே போகாது.

நெல்லைநெட்:

மேலே அண்ணன் சொன்னதோடு, கண்காணிப்பையும் மாற்றிவிடு தம்பி. போர்ட்டைப் பார்க்காமல், வேலை செய்யும் ப்ராசஸ் எப்போது தொடங்கியது என்று பார்க்கச் சொல். நீ ரீஸ்டார்ட் செய்யாமல் அந்த நேரம் மாறினால் உடனே எஸ்எம்எஸ் வரட்டும். எங்களிடம் இப்போது அப்படித்தான்.

பழையசர்வர் அண்ணனிடம் ஒரு கேள்வி. எஃப்டிபி (ஃபைல் பரிமாற்ற முறை) முகவரியை அனுப்பியே விழவைக்கலாம் என்று ஒன்று வந்ததே, சிவிஇ-2023-46848. அது 5.0.3 முதல்தான், எங்கள் 4-ஐத் தொடாது. ஆனால் அடுத்து 5-க்குப் போகப்போகிறோம். எஃப்டிபி யாரும் பயன்படுத்துவதில்லை, இருந்தாலும் ஸ்க்விட்டோடு வரும் கான்ஃபிக்கில் சேஃப் போர்ட்ஸ் (அனுமதித்த போர்ட்கள்) பட்டியலில் எஃப்டிபியின் 21 இருக்கிறது. அதை எடுத்தவர்கள் உண்டா, எடுத்ததால் ஏதாவது உடைந்ததா?

பழையசர்வர்:

எடுத்து வெகுநாள் ஆகிறது. அக்கவுண்ட்ஸ் பிரிவில் ஒருவர் மட்டும் கேட்டார், ஏதோ பழைய ஃபைல் சர்வராம். அவருக்கு வேறு வழி செய்து கொடுத்தேன். ஆனால் போர்ட்டை எடுத்தால் மட்டும் போதாது, வேறு போர்ட் எண் போட்டு எஃப்டிபி முகவரி அனுப்பலாம். ப்ரோட்டோகாலுக்கே டினை போடு. அப்புறம் அதையும் முழுசாக நம்பாதே, முகவரியைப் படிக்கும் இடத்திலேயே சிக்கல் என்றால் ஏசிஎல்லுக்கு வேலையே வராது. 5-க்குப் போகும்போது திருத்தம் சேர்ந்த பேக்கேஜாகப் பார்த்துப் போ.