புதுப்பிப்பு: பெயர் தெரியாத அந்த ஊதாத் தக்காளி

மல்லேஸ்வரத்தில் எங்கள் மொட்டை மாடியில், பெயர் எழுதாத பொட்டலத்து விதையில் வந்த தக்காளி என்ன ரகம் என்று கேட்டிருந்தேன் இல்லையா? பழுத்துவிட்டது. மங்கிய ஊதா, காம்புப் பக்கம் மட்டும் பச்சை. தோலை உரித்து வெளிச்சத்தில் பார்க்கச் சொன்ன அக்காவுக்கு ரொம்ப நன்றி. தோலில் நிறமே இல்லை. இதே சதைக்கு மஞ்சள் தோல் இருந்தால் பழம் பழுப்பாகத் தெரியும், அது செரோக்கி சாக்லேட் என்ற ரகம். ஆகவே இது அதன் ஊதா வகையான செரோக்கி பர்ப்பிளாக இருக்கலாம். ரசத்தில் போட்டு வீணாக்காதீர்கள், உப்புத் தொட்டு அப்படியே சாப்பிட வேண்டிய பழம்!

அப்புறம் விதை. வழவழப்போடு டம்ளரில் இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டு, ஆடை படிந்ததும் அலசி, பீங்கான் தட்டில் நிழலில் உலர்த்தியிருக்கிறேன். காகிதத்தில் ஒட்டிக்கொள்ளும். பூவிலேயே வலைப்பை கட்டிய கொத்து, அதனால் வேறு ரகத்தின் மகரந்தம் கலக்கும் பயமில்லை. பெங்களூர்க்காரர்கள் கேளுங்கள், தருகிறேன்.